முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவேன்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் தகப்பன் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் இன்னும் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். சிநேகிதிக்கு எழுதினால் அவள் தாய்க்குச் சொல்லுவாள், தாய் கிணற்றடியில் சொல்லுவாள், பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நீ யாருக்கும் சொல்லமாட்டாய். நீ வளர்ந்து இதை வாசிக்கிற வயது வரும்போது சொல்லக்கூடாத ஆட்களும் இருக்கமாட்டார்கள்.

நாளைக்கு என் அண்ணைக்குக் கலியாணம். நீர்வேலியிலிருந்து வந்த வாழைக்குலைகளை இந்தச் சின்ன அறையில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் அவற்றுக்கு நடுவே விளக்குத் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த தாள்களில் எழுதுகிறேன். வீடு நிறையச் சனம். ஐயா, என் தகப்பன், முற்றத்தில் பந்தலுக்குக் கீழே படுத்திருக்கிறார். அவருக்கு நான் பயப்படத் தேவையில்லை. பக்கத்தில் ஒரு அண்டாவைப் போட்டு உருட்டினாலும் அவர் எழும்பமாட்டார். அண்ணைக்கும் இனிப் பயப்படத் தேவையில்லை. இந்த வீட்டில் நான் பயப்பட வேண்டியது அம்மாவின் காதுகளுக்கு மட்டும்தான். பேனை தாளில் ஓடுகிற சத்தமும் அம்மாவுக்குக் கேட்கும். மற்ற இரண்டு பேரின் காதுகளையும் கடலில் போட்ட வெடி கொண்டுபோய்விட்டது. இந்தத் தாள் யாருடைய கையிலாவது அகப்பட்டால் ஐயாவைப் பொலிஸ் பிடித்து மறியலில் போடும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். வெளிச்சம் போதாது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

ஐயா வெடி போட்டு மீன் பிடிக்கிறவர். இது சட்டத்துக்கு விரோதம் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. மீன் கூட்டமாக நிற்கிற இடம் பார்த்து வெடியை எறிவார்கள். அது தண்ணீருக்குள் வெடித்ததும் மயங்கின மீன் அடியில் தாழும். அது தாழ்ந்து போகிறதுக்கு முன்னால் ஒருவர் குதித்துச் சுழியோடி அள்ள வேண்டும். எங்கள் வள்ளத்தில் சித்தப்பா எறிவார், ஐயா சுக்கான் பிடிப்பார், குதிக்கிறது அண்ணை. அண்ணைக்கு முன்னால், இளமையில், ஐயாதான் குதித்தவர்.

ஐயாவின் காது ஒரு நாளில் போகவில்லை. கடற்கரை வீடுகளில் காற்றுக்கும் அலைக்கும் மேலால் கத்தித்தான் எல்லோரும் கதைப்போம், அதனால் ஒருவருக்குக் காது குறைகிறது என்பது பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் போய்விடும். முதலில் அவருக்கு நுளம்பின் சத்தம் போனது. ‘இந்த வருசம் நுளம்பு இல்லை’ என்று சந்தோசமாகச் சொன்னார். அவருடைய முதுகு முழுக்கக் கடித்த தடிப்பு. பிறகு சைக்கிள் மணி கேட்கவில்லை. பிறகு என் குரல், அது மெல்லிய குரல் என்பதால். தொண்டைமானாற்றுப் பாலத்துக்கு அங்கால் வருகிற வள்ளத்தின் மெசின் சத்தம் அவருக்குக் கேட்கும். பக்கத்தில் நின்று நான் ‘சாப்பிட வாங்கோ’ என்றால் கேட்காது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “உவருக்குத் தேவையானது மட்டும் கேக்கும்” என்று ஏசுவார். சித்தப்பாவும் தன் அண்ணையைச் சொல்லிச் சேர்ந்துகொள்ளுவார்: “அண்ணைக்கு வேலை எண்டால் கேக்காது. கள்ளு எண்டால் ஆத்துக்கு அங்காலை நிண்டு சொன்னாலும் கேக்கும்!” நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஐயாவும் சிரிப்பார். சொன்னது கேட்டுச் சிரிக்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார். அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

நடிப்பு இல்லை, மகனே. பெரிய சத்தத்தால் போகிற காது அப்படித்தான் போகும். கீச்சுக்குரலும் சீழ்க்கையும் முதலில் போகும், முழக்கம் கடைசியில்தான் போகும். அதனால் அந்த ஆளே தனக்குக் காது கேட்கிறது, மற்றவர்கள்தான் வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஐயா இன்றைக்கும் எங்களைத்தான் குறை சொல்கிறார்.

அண்ணையின் கதை வைகாசியில் தொடங்கியது. ஒரு நாள் இரண்டு வெடி போட்டார்கள். ஒன்று வெடித்தது. மற்றது தூங்கிவிட்டது என்று நினைத்து அண்ணை இறங்கினார். தலை பாதி தண்ணீருக்குள் இருக்கும்போது தூங்கினது எழும்பியது. வீட்டுக்கு வந்தபோது இடக்காதிலிருந்து கழுத்து வரைக்கும் இரத்தம் காய்ந்து போயிருந்தது. “காதுக்குள்ளை வண்டு இரையுது பிள்ளை” என்று சொல்லிச் சிரித்தார். அம்மா உள்ளிப் பல்லை நல்லெண்ணெயில் காய்ச்சி, இளஞ்சூட்டோடு அந்தக் காதுக்குள் விட்டார். எங்களுக்கெல்லாம் சின்ன வயதில் காது குத்துவலிக்கு விட்ட அதே எண்ணெய். அடுத்த கிழமை காதிலிருந்து சீழாக ஊனம் வடிந்தது. தலையணையில் கெட்ட மணம். அப்போதுதான் அம்மா பயந்தார். கலியாணத்துக்குச் சப்பாத்து வாங்கப் போகிறோம் என்று அயலுக்குச் சொல்லிவிட்டு, அண்ணையையும் என்னையும் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டொக்டர் மருந்துத் துண்டு எழுதித் தந்தால் வாசிக்கிறதுக்கு நான்.

டொக்டர் கொஞ்சம் வயதான மனிசன். என்ன நடந்தது என்று கேட்டார்.

“கிணத்திலை குதிச்சனான் ஐயா” என்றார் அண்ணை.

“வெடிக்கிற கிணறோ?” என்றார் டொக்டர். அண்ணை நிலத்தைப் பார்த்தார். “நான் பொலிஸ் இல்லைத் தம்பி. பொய் சொன்னால் எனக்கு ஒண்டுமில்லை. உன்ரை காதுக்குத்தான் நட்டம்.”

அவர் செய்ததை எல்லாம் நான் ஒரு மூலையில் நின்று கண் வெட்டாமல் பார்த்தேன். உனக்காகப் பார்த்தேன் என்று இப்போது நினைக்கிறேன். முதலில் ஒரு சின்னப் புனல் வைத்து வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்தார். பஞ்சால் துடைத்தார். “எண்ணெய் விட்டது ஆர்?” என்று கேட்டார். அம்மா என்றேன். “இனி எண்ணெய் அடுப்படியோடை நிக்கட்டும் எண்டு அம்மாட்டைச் சொல்லு. கிழிஞ்ச காதுக்குள்ளை எண்ணெயும் விடக்கூடாது, தண்ணியும் விடக்கூடாது.” பிறகு அண்ணையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். முன்னால் நின்றால் வாயைப் பார்த்து விளங்கிக்கொள்ளுவார்களாம், தங்களுக்கே தெரியாமல். ஒரு காதை விரலால் மூடித் தேய்த்துக்கொண்டு, மற்றக் காதுப் பக்கமாகக் காற்றுப்போல மெதுவாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அதை அண்ணை திருப்பிச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் எல்லாம் சரியாகச் சொன்னார். இடப்பக்கம் சும்மா இருந்தார். டொக்டர் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார் அண்ணை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு இசைக்கவை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடத்துக்குக் காட்டுவார்களே, தட்டினால் ‘ம்’ என்று ரீங்காரம் போடுகிற இரும்புக் கவை. அதைத் தட்டி அண்ணையின் உச்சந்தலையில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். அண்ணை இடக்காதைக் காட்டினார். பழுதான காதை! நான் திகைத்துப் போனேன். ஆனால் டொக்டரின் முகம் மலர்ந்தது. “அது நல்லது. உள்ளுக்கு இன்னும் உயிர் இருக்கு” என்றார். காதுக்குள் ஒரு சவ்வு இருக்கிறது, கதவு மாதிரி. அது கிழிந்தால் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் அனேகமாகத் தானாகவே மூடிவிடும். அதற்கும் உள்ளே நத்தைச் சிப்பி மாதிரிச் சுருண்ட ஒன்று இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள். சத்தத்தை மூளைக்குக் கொண்டுபோவது அவைதான். அவை செத்தால் திரும்ப முளைக்காது. மருந்தும் இல்லை. அண்ணைக்கு இடப்பக்கம் கூடுதலான சேதம் கதவில்தான், உள்வீட்டில் கொஞ்சம்தான் என்று அந்த இசைக்கவை சொன்னதாம்.

“மூண்டு மாசம் கடலுக்குப் போகாதை. குளிக்கேக்கை வசிலின் தடவின பஞ்சு அடைச்சுக்கொண்டு குளி. மூக்கை இழுத்துச் சிந்தாதை. பிறகு வா, பாப்பம். வெடிச் சத்தத்துக்குக் கிட்டவும் போகாதை. தண்ணிக்குள்ளை அது இன்னும் மோசம். மற்றக் காதையும் குடுத்திட்டு வந்தால் நான் ஒண்டும் செய்யேலாது.” அப்படிச் சொல்லி, பஞ்சையும் தாளில் மடித்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு சொல்லும் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்:

“மூண்டு மாசம் வீட்டிலை குந்தியிருந்தால் ஊர் கேளாதோ, மாப்பிளை ஏன் கடலுக்குப் போறேல்லை எண்டு? ஆவணியிலை கலியாணம். தகப்பன் செவிடு எண்டு ஏற்கெனவே கதை. மகனும் செவிடு எண்டால் அவையள் பெட்டையைத் தருவினமோ?”

“அம்மா, டொக்டர் சொன்னவர்…”

“டொக்டருக்கு என்ன, தன்ரை மகளையே தரப்போறார்? கலியாணம் முடியட்டும். பிறகு வருசம் முழுக்க வீட்டிலை படுத்திருக்கட்டும். அதுதான் காதுக்கு அடைக்கப் பஞ்சு தந்திருக்கிறாரே.”

அந்தப் பஞ்சு குளிக்கிறதுக்கு, தண்ணீர் போகாமல் இருக்கிறதுக்கு. அம்மா அதை வெடிக்குக் கவசமாக்கிவிட்டார். டொக்டரின் பஞ்சு என்பதால் அம்மாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை. அண்ணை கடலுக்குப் புறப்படுகிற ஒவ்வொரு முறையும் தானே வசிலின் தடவி, கடவுளை வேண்டி, இரண்டு காதிலும் அடைத்து அனுப்பினார். பஞ்சால் வெடியைத் தடுக்க முடியாது, மகனே. அது மெல்லிய சத்தத்தைத்தான் தடுக்கும். ‘பொறு’ என்று ஒருவர் கத்துவதைத்தான் தடுக்கும்.

‘பொறு’ என்பது எங்கள் வள்ளத்தின் புதிய சட்டம். வைகாசியில் நடந்ததற்குப் பிறகு ஐயாவும் சித்தப்பாவும் யோசித்துப் போட்ட சட்டம். வெடி தூங்கினால் சித்தப்பா ‘பொறு’ என்று கத்துவார். ‘குதி’ என்று சொல்லும்வரை அண்ணை குதிக்கக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குக் காது வேண்டும். ஒவ்வொரு வெடியும் அந்தக் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அந்த வள்ளத்தில் இருந்த மூன்று பேருக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் ஐயாவிடம் சொன்னேன். சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். அயலுக்குக் கேட்கும் என்று அம்மா என் வாயைப் பொத்தினார். இந்த வீட்டில் ஒரு உண்மையை ஐயாவுக்குக் கேட்கும்படி சொன்னால் ஊருக்கும் கேட்டுவிடும். அதனால் எதுவும் சொல்லப்படவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான். பின்னேரங்களில் அண்ணை கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்கும்போது, டொக்டர் செய்த மாதிரி முதுகுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாக ஒவ்வொரு சொல் சொல்லுவேன். வலக்காது எப்படி இருக்கிறது என்று பார்க்கிறதுக்கு. “நண்டு” என்பேன். “நண்டு” என்பார். “திருக்கை” என்பேன். “திருக்கை. கறி வைக்கப் போறியோ?” என்பார். ஒரு நாள் “கமலம்” என்றேன், அண்ணைக்குப் பேசின பெண், உன் மாமியாகப் போகிறவரின் பெயரை. உடனே தலை திரும்பியது. காது மடல் வரைக்கும் சிவந்து போனார். “எங்கை?” என்று வாசலைப் பார்த்தார். “அதுக்கு மட்டும் ரெண்டு காதும் கேக்குது” என்று நான் கைதட்டிச் சிரித்தேன். வலையை என் தலையில் போட்டு மூடினார். எங்கள் வீட்டில் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகும் சில நாட்கள் பார்த்தேன். ‘நண்டு’ என்றதற்கு ‘வண்டு’ என்றார். காற்றுச் சத்தம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். “போகாதையுங்கோ அண்ணை” என்றேன். “வலக்காது இருக்குத்தானே பிள்ளை. கமலம் அந்தப் பக்கம் இருந்து கதைச்சால் போதும்” என்றார். அது பகிடி என்று நினைத்தேன்.

ஆடியில் ஒரு நாள் மத்தியானம், சித்தப்பாதான் முதலில் ஓடி வந்தார். முழங்கால் வரைக்கும் ஈரம். முற்றத்தில் அப்படியே குந்திவிட்டார். “வெடி தூங்கிட்டுது. பொறு எண்டு கத்தினன் பிள்ளை. தொண்டை கிழியக் கத்தினன். நான் இடப்பக்கம் நிண்டிட்டன். அவன் திரும்பிப் பாக்கேல்லை. குதி எண்டு நினைச்சிட்டான் போலை. குதிச்சிட்டான்.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணைக்குக் கொஞ்சம் எட்டத்தில் வெடித்ததால் உயிர் தப்பியது. தூக்கிக்கொண்டு வந்தபோது மூக்காலும் இரண்டு காதாலும் இரத்தம். அண்ணை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்து, “ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறியள்?” என்று கேட்டார். தன்னுடைய குரல் தனக்குக் கேட்காததால் மிகவும் உரத்துக் கேட்டார். பஞ்சு இரண்டும் காதுக்குள்ளேயே இருந்தன. வெள்ளைப் பஞ்சு சிவந்து போயிருந்தது. அம்மா அவற்றை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

அதே டொக்டரிடம்தான் போனோம். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று சாதாரணக் குரலில் சொன்னார். பிறகு உரத்துச் சொன்னார். பிறகு கைதட்டினார். இசைக்கவையைத் தட்டி உச்சந்தலையில் வைத்தார். அண்ணை கையை உயர்த்தித் தலையைத் தொட்டுப் பார்த்து, “நடுங்குது” என்றார். கேட்கிறது என்று சொல்லவில்லை. நடுங்குகிறது என்றார். டொக்டர் இசைக்கவையைத் தன் உள்ளங்கையில் அழுத்தி நிறுத்தினார். “கதவுகள் மூடும். வீட்டுக்குள்ளை ஆக்கள் இல்லை” என்று எனக்கு மட்டும் சொன்னார். காதுக்குக் கருவி போட்டாலும் பெரிதாகப் பலன் இருக்காது என்றார். அண்ணை அவருடைய வாயைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், பிறகு இனி யாரையும் பார்க்கத் தேவையில்லை என்பதுபோல யன்னலைப் பார்த்தார்.

கமலம் மச்சாள் தாயோடு வந்தது அடுத்த கிழமை. அண்ணைக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தோம். தாய் வெளியில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்க, மச்சாள் உள்ளே வந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு நேராக அண்ணையின் வலப்பக்கம் போய் நின்றார். “இப்ப சுகமோ?” என்று கேட்டார். அண்ணை கண்ணை மூடிப் படுத்திருந்தார். இன்னும் கிட்டக் குனிந்து கேட்டார். அண்ணை கண்ணைத் திறந்து, அவரைக் கண்டு, சிரித்தார். அந்தச் சிரிப்பு ஐயாவின் சிரிப்பு. மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்தப் பக்கமும் போச்சுதோ?”

நான் கிட்டப் போனேன். “இந்தப் பக்கமும் எண்டால்… உங்களுக்குத் தெரியுமோ?”

“ஆனியிலை, நிச்சயதார்த்தத்தண்டு, இடப்பக்கம் நிண்டு ரெண்டு தரம் கேட்டன், தண்ணி வேணுமோ எண்டு. பேசாமல் இருந்தார். வலப்பக்கம் போய்க் கேட்டன். ஓம் எண்டார். இதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமே? எங்கடை ஐயாவுக்கும் ஒரு பக்கம் இல்லை. கரையிலை ரெண்டு காதும் சரியான மாப்பிளை தேடினால் நான் கிழவியாப் போவன்.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். “ஒரு காதோடை கட்டத்தானே இருந்தனான். பிறகு ஏன் அவரைக் கடலுக்கு விட்டனீங்கள்?”

அடுப்படியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மாவுக்கு எல்லாம் கேட்கும் என்று முதலே சொன்னேன் அல்லவா. அந்தக் கேள்வியும் கேட்டது. யாருக்குத் தெரியக்கூடாது என்று அண்ணையைக் கடலுக்கு அனுப்பினாரோ, அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மூன்று மாதம் வீட்டில் இருக்க விட்டிருக்கலாம். யாரும் கலியாணத்தை நிறுத்தியிருக்கமாட்டார்கள். கதவு மூடியிருக்கும். வலக்காது அப்படியே இருந்திருக்கும். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியில் பாதி தட்டில் ஊற்றுண்டிருந்தது. அன்றிலிருந்து அம்மா மெதுவாகத்தான் கதைக்கிறார். கிட்டத்தட்டக் கதைப்பதே இல்லை.

மச்சாளின் தகப்பன் கலியாணத்தைத் தள்ளிப் போடலாம் என்றாராம். மச்சாள் கேட்கவில்லையாம். அதனால் நாளைக்குக் கலியாணம். நான்தான் மணவறையில் நிற்கிற தோழி. கெட்டிமேளம் முழங்குகிறபோது தாலி கட்ட வேண்டும். அண்ணைக்கு அது கேட்காது. அதனால் நான் பின்னால் நின்று அவருடைய முதுகில் கை வைக்க வேண்டும், அப்போது அவர் கட்டுவார். நேற்று அம்மா அண்ணையை மணையில் இருத்த, இரண்டு பேரும் பழகிப் பார்த்தோம். நான் கை வைக்கிறதுக்கு முன் ஒரு முறை, சும்மா, மெதுவாக, “கமலம்” என்று சொல்லிப் பார்த்தேன். காது மடல் சிவக்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குப் பின்னேரம் ஐயா சித்தப்பாவிடம் கேட்டார், கலியாணம் முடிய வள்ளத்தில் குதிக்கிறதுக்கு ஆர் இருக்கிறது என்று. உரத்த குரலில் கேட்டார், அதனால் பந்தல் முழுக்கக் கேட்டது. பந்தலில் நின்ற அயல்வீட்டுத் தாய் ஒருவர் தன் மகனை அளவெடுக்கிறதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்ட பிறகுதான் எனக்கு இந்தப் பயம் பிடித்தது. பொலிசை நினைத்து இல்லை, ஐயாவை நினைத்தும் இல்லை. என்னை நினைத்துத்தான் பயம். அம்மா கெட்ட மனிசி இல்லை, மகனே. அண்ணைக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியக் கண் மூடாமல் இருந்தவர். அவர் வசிலின் தடவின பஞ்சைப் பார்த்திருந்தால் உனக்கு விளங்கும். அவ்வளவு அன்பாகத்தான் அனுப்பினார். நானும் இந்தக் கரையிலேயே கலியாணம் கட்டுவேன். எனக்கும் ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம் வரும். ஒரு நாள் உன் காதில் இரைச்சல் என்று நீ வந்து சொல்லும்போது, ‘கொஞ்சம் பொறு, இந்தக் காரியம் முடியட்டும், பிறகு பாப்பம்’ என்று நானும் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அப்படி நான் சொன்னால் இந்தத் தாளை என் முகத்துக்கு முன்னால் பிடி. பதினைந்து வயதில் நீங்களே எழுதினது, வாசியுங்கோ அம்மா என்று சொல்லு. நான் ஏசினாலும் விடாதே.

உன் காதில் இரைச்சல் வந்தால், அடைத்தது போல இருந்தால், எனக்கு முதலில் சொல்லு. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வெடி இருக்கிற வள்ளத்தில் காலை வைக்காதே. உன் தகப்பனே கூப்பிட்டாலும் போகாதே. உன் காதுக்குள் எண்ணெய் விட யார் வந்தாலும், அது நானாக இருந்தாலும், தலையைத் திருப்பிக்கொள். யாராவது சொன்னது கேட்காமல் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நீயும் சிரிக்க வேண்டி வந்தால், அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போ.

நீ குழந்தையாக இருக்கும்போது நானே பார்ப்பேன். எங்களை எல்லாம் தொட்டிலில் கிடத்தி அம்மா பூசைக்கு அடிக்கிற சேமக்கலத்தை ஓங்கி அடித்துப் பார்த்தாராம். நாங்கள் துடித்ததும் காது நல்லது என்று சந்தோசப்பட்டாராம். அந்த அதிர்வுக்குச் செவிட்டுப் பிள்ளையும் துடிக்கும். அண்ணையின் தலை இசைக்கவைக்கு நடுங்கினது போல. நான் அப்படிச் செய்யமாட்டேன். நீ நிலத்தில் இருந்து விளையாடுகிறபோது, உன் கண்ணில் படாமல், என் நிழலும் உன்மேல் விழாமல், முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பேன். பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்காத அளவுக்கு மெதுவாக உன்னுடைய பெயரைச் சொல்லுவேன். அது என்ன பெயர் என்று இன்னும் எனக்குத் தெரியாது. நீ பெரியவனான பிறகும், மீசை வைத்த பிறகும், இந்த அம்மாவுக்கு விசர் என்று நீ ஏசினாலும், அப்படித்தான் வந்து நின்று கூப்பிடுவேன்.

அம்மா இருமுகிறார். விளக்கை ஊதி நூர்க்கப்போகிறேன்.

திரும்பிப் பார், மகனே. நான் கூப்பிடும்போது, ஒவ்வொரு முறையும், திரும்பிப் பார்.